மின்சுற்று வரையும் மென்பொருளுக்கு எந்த மொழி?

(பத்தாம் வகுப்பு மாணவியர், அறிவியல் மன்றத்தின் சார்பில்)

"எந்த மொழி எடுக்கப் போகிறாய்?" புதுவையில் படிக்கும் மாணவியருள் இக்கேள்விக்குத் தப்பியவர் எவரும் இலர். வீட்டில் சொல்லித்தர ஆள் இருக்கிற மொழியை எடு என்பார் அம்மா. மதிப்பெண் கிடைக்கிற மொழியை எடு என்பார் பக்கத்து வீட்டு அத்தை. பிரெஞ்சு இராணுவப் பென்ஷன் வாங்கும் தாத்தா இருக்கிற வீட்டிலோ, தமிழா பிரெஞ்சா என்ற பேச்சுக்கே இடமிராது. எந்த மொழி உயர்ந்தது என்று யாரும் கேட்பதில்லை என்பதைக் கவனியுங்கள். எதற்காக, யாரோடு பேச, யார் துணையோடு படிக்க என்றே எல்லோரும் பார்க்கிறார்கள்.

கணிப்பொறியிடம் வேலை வாங்குவோருக்கும் இதே கேள்வி உண்டு. கணிப்பொறிக்காக எழுதப்படும் கட்டளைத் தொகுப்பை நிரல் என்கிறோம். ஃபோர்ட்ரான், சி, சி பிளஸ் பிளஸ், பைத்தான் என்று நிரல் எழுதும் மொழிகள் பல. இவற்றுள் மின்சுற்றுகளை வரைந்து சோதித்துப் பார்க்கும் மென்பொருளுக்கு ஏற்றது எது என்பதே எங்கள் கட்டுரையின் பொருள்.

"இதெல்லாம் நமக்கு எதற்கு, கல்லூரியில் பார்த்துக்கொள்ளலாமே" என்று சில தோழியர் நினைக்கக்கூடும். கருவடிக்குப்பத்திலிருந்து லாஸ்பேட்டை மகளிர் பாலிடெக்னிக்குக்கு மிதிவண்டியிலேயே போய்விடலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்து ஏறினால் பிள்ளைச்சாவடியில் புதுவைத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வந்துவிடும். நம்மில் சிலர் அடுத்த ஆண்டே அத்தகைய வகுப்புகளில் இருப்போம். வெளியூர்க் கல்லூரி ஒன்றில் மின்னணுவியல் படித்து முடித்த அக்கா ஒருவர் எங்களிடம் சொன்னது இது: அவர்கள் பயின்ற மென்பொருளின் உரிமம் கல்லூரிக் கணிப்பொறிகளுக்கு மட்டுமே. படிப்பு முடிந்து வெளியே வந்ததும், மூன்று ஆண்டுகளாகத் தாமே வரைந்த சுற்றுப்படங்களைத் திறந்து பார்க்கக்கூட அவரால் முடியவில்லை. விலையைக் கேட்டாராம், அப்பாவின் சம்பளத்தில் பல மாதம் என்றார். உரிமமில்லாத நகல் எளிதில் கிடைக்கும்தான். ஆனால் அதைப் பயன்படுத்தினால் ஏழாம் கட்டளை என்னாவது?

இக்குறையைத் தீர்க்க வந்தவைதான் திறந்த மூல மென்பொருள்கள். ஒரு மென்பொருளின் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குத் தரலாம் என்ற உரிமையோடு வெளியிடுவதே திறந்த மூலம் எனப்படும். ஆனால் மூலத்தைத் திறந்து வைத்துவிட்டால் மட்டும் போதுமா? அது எழுதப்பட்ட மொழியைப் படிக்கத் தெரிந்தவர் இல்லாவிட்டால், அது திறந்தும் மூடியது போலத்தான். ஆகவேதான் மொழித் தேர்வு இங்கே பெரிய காரியமாகிறது.

உள்ளே நடக்கும் கணக்கு

முதலில் இம்மென்பொருள் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஒரு 9 வோல்ட் மின்கலத்தோடு 1,000 ஓம், 2,000 ஓம் ஆகிய இரு மின்தடைகளைத் தொடராக இணைக்கிறோம். இரண்டுக்கும் நடுவே உள்ள புள்ளியில் மின்னழுத்தம் எவ்வளவு? நமது பத்தாம் வகுப்பு இயற்பியலில் வரும் ஓமின் விதி போதும். அப்புள்ளிக்குள் வரும் மின்னோட்டமும் அங்கிருந்து வெளியேறும் மின்னோட்டமும் சமம். நடுப்புள்ளியின் அழுத்தத்தை 'அ' என்று கொண்டால், 9-லிருந்து 'அ'-வைக் கழித்து 1,000-ஆல் வகுத்தால் வருவதும், 'அ'-வை 2,000-ஆல் வகுத்தால் வருவதும் ஒன்றே. தீர்த்தால் 6 வோல்ட் என்று விடை வரும்.

ஒரு புள்ளிக்கு ஒரு சமன்பாடு. சுற்றில் நூறு புள்ளிகள் இருந்தால் ஏறக்குறைய நூறு ஒருங்கமை சமன்பாடுகள். கணக்கு வகுப்பில் மூன்று மாறிகளுக்கே நமக்கு வியர்த்துப் போகிறது! போதாக்குறைக்கு டையோடும் டிரான்சிஸ்டரும் ஓமின் விதிக்கு அடங்குவதில்லை. அவற்றுக்கு ஒரு விடையை ஊகித்து, சரிபார்த்து, மீண்டும் ஊகித்து, விடை நிலைக்கும் வரை அதே சமன்பாடுகளைத் திரும்பத் திரும்பத் தீர்க்க வேண்டும். நேரத்தோடு மாறும் சுற்று என்றால் ஒவ்வொரு நொடித்துளிக்கும் இது நடக்க வேண்டும். இது முதல் வேலை. இதற்கு வேகம் வேண்டும்.

இரண்டாவது வேலை, திரையில் சுற்றை வரைவதும், பிறகு அதைப் பி.சி.பி. எனப்படும் அச்சுச் சுற்றுப் பலகையாக வடிவமைப்பதும். மூன்றாவது வேலை, வரைந்ததைக் கணக்குப் போடும் பகுதிக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, விடையை வரைகோடாகத் திருப்பிக் கொண்டுவருவது. இம்மூன்றும் வெவ்வேறு குணமுள்ள வேலைகள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னே வருவதெல்லாம் எளிதில் விளங்கும்.

ஸ்பைஸ் வளர்ந்த கதை

ஸ்பைஸ் என்றதும் நம் சமையலறையின் மிளகும் பட்டையும் நினைவுக்கு வரலாம். இது அமெரிக்காவில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் பிறந்த கணக்கு நிரலின் பெயர். பேராசிரியர் டொனால்டு பீடர்சன் வழிகாட்ட, லாரன்ஸ் நேகல் என்ற மாணவர் இதனை எழுதினார். 1973-ல் முதல் வடிவமும் 1975-ல் இரண்டாம் வடிவமும் வெளிவந்தன. இதற்கு முன்னோடியாக அங்கே மாணவர்கள் எழுதிய நிரலுக்குக் கேன்சர் என்று பெயர்! அந்நாளைய சுற்றாய்வு நிரல்கள் பல அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்தில், கதிர்வீச்சின் பாதிப்பையும் கணிக்கும்படி எழுதப்பட்டவை. "இது கதிர்வீச்சைக் கணிக்காது" என்று பெயரிலேயே பொருள் வைத்தார்கள். விளையாட்டுப் பிள்ளைகள் எங்கும் உண்டு போலும்.

பீடர்சன் ஒன்றில் உறுதியாக நின்றார். இந்நிரல் எந்தக் கட்டுப்பாடுமின்றி எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்றார். பெர்க்கிலியில் படித்து வெளியேறிய மாணவர்கள் தாம் வேலைக்குச் சேர்ந்த இடங்களுக்கெல்லாம் இதனைக் கொண்டு சென்றார்கள். திறந்த மூலம் என்ற பெயர் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே அதன் பயன் தெரிந்துவிட்டது.

ஸ்பைஸின் முதல் இரு வடிவங்களும் ஃபோர்ட்ரான் மொழியில் எழுதப்பட்டவை. 1957-ல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ஃபோர்ட்ரான், அறிவியல் கணக்குகளுக்கென்றே பிறந்த மொழி. அன்று பொறியாளர் எல்லோரும் அறிந்திருந்த மொழியும் அதுவே. துளையிட்ட அட்டைகளில் நிரலை எழுதிய காலம் அது. அட்டைக்கு 80 கட்டங்கள்; அவற்றில் ஏழாவது முதல் எழுபத்திரண்டாவது வரைதான் கட்டளை எழுதலாம். ஸ்பைஸுக்குக் கொடுக்கும் சுற்று விவரத்தை இன்றும் 'டெக்' என்பார்கள், அதாவது அட்டைக்கட்டு. அட்டை போய் அரை நூற்றாண்டு ஆகப்போகிறது, பெயர் மட்டும் போகவில்லை.

அந்த விவரம் எவ்வளவு எளியது என்று பாருங்கள். மேலே சொன்ன சுற்றை இப்படி எழுதிவிடலாம்:

வி1 1 0 9
ஆர்1 1 2 1000
ஆர்2 2 0 2000

முதலெழுத்து உறுப்பின் வகையைச் சொல்லும். 'வி' மின்னழுத்த மூலம், 'ஆர்' மின்தடை. அடுத்த இரு எண்களும் அது எந்தெந்தப் புள்ளிகளை இணைக்கிறது என்பதைக் காட்டும். 0 என்பது தரை இணைப்பு. கடைசி எண் அளவு. (கணிப்பொறியில் ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும், படிப்பதற்காகத் தமிழில் தந்தோம்.) இதை ஒன்பதாம் வகுப்புத் தங்கையும் எழுதிவிடலாம். ஸ்பைஸ் உள்ளே எந்த மொழியில் எழுதப்பட்டது என்பது இதை எழுதுபவருக்குத் தெரிய வேண்டியதே இல்லை. மின்சுற்றைச் சொல்லும் மொழி வேறு, மென்பொருளை எழுதும் மொழி வேறு. இவ்விரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

பின்னர் ஏன் ஃபோர்ட்ரானை விட்டார்கள்? அக்காலத்து ஃபோர்ட்ரானில் ஒரு பட்டியலின் நீளத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வருகிற சுற்றில் பத்து உறுப்புகளா பத்தாயிரமா என்பது யாருக்குத் தெரியும்? விருந்தாளி எத்தனை பேர் என்று அறியாமலே உலை வைப்பதைப் போன்றது இது. ஆகவே ஸ்பைஸை எழுதியவர்கள் ஒரே பெரிய பட்டியலை வைத்துக்கொண்டு, அதற்குள் தாமே இடம் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாட்டையும் எழுத வேண்டியிருந்தது. புதுவகை டிரான்சிஸ்டரைச் சேர்க்க வேண்டுமானால் பல இடங்களில் கை வைக்க வேண்டும். 1980-களில் தாமஸ் குவார்ல்ஸ் என்பவர் அங்கேயே மூன்றாம் வடிவத்தைச் சி மொழியில் புதிதாக எழுதினார். 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியில் தேவைப்படும்போது தேவையான இடத்தைக் கேட்டுப் பெறலாம். உறுப்புக்கு உறுப்பு தனி அமைப்பும் வைத்துக்கொள்ளலாம். மாற்றத்துக்கு விலையும் கொடுத்தார்கள். இரண்டாம் வடிவத்தில் இருந்த சில வசதிகள் மூன்றாம் வடிவத்தில் இல்லை. பழைய அட்டைக்கட்டுகள் சில புதியதில் ஓடவில்லை. வீடு மாறும்போது ஏதாவது ஒரு பாத்திரம் தொலைந்துதான் போகிறது.

அந்தச் சி வடிவத்தின் வழியில் வந்ததே இன்று எல்லோரும் விலையின்றிப் பயன்படுத்தும் என்ஜிஸ்பைஸ்.

பிரெஞ்சு ஆசிரியர் ஒருவர்

வரைபடப் பகுதிக்கு வருவோம். இதில் பிரான்சுக்கும் பங்கு உண்டு என்று அறிந்தபோது எங்கள் பிரெஞ்சு ஆசிரியை மிக மகிழ்ந்தார்கள். கிரெனோபிள் நகரின் தொழில்நுட்பக் கல்லூரியைச் சேர்ந்த ஷான்-பியேர் ஷாரா என்பவர் 1992-ல் கீகேட் என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார். சுற்றுப்படம் வரைவது முதல் பி.சி.பி. தயாரிப்புக்கான கோப்பு வரை எல்லாம் இதில் முடியும். 2013 முதல் ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வகத்தின் பொறியாளர்களும் இதற்கு உழைத்தார்கள்.

கீகேட் எழுதப்பட்டது சி பிளஸ் பிளஸ் மொழியில். ஒரு மின்தடை, ஒரு கம்பி, ஒரு துளை ஒவ்வொன்றும் திரையில் ஒரு பொருள். அதற்கு இடமுண்டு, அளவுண்டு, திருப்பினால் திரும்பும், அழித்தால் மறையும். இப்படிப் பொருள் பொருளாக எண்ணி எழுதுவதற்கு அம்மொழி ஏற்றது. ஆயிரக்கணக்கான கோடுகளைக் கண்ணிமைக்கும் நேரத்தில் மீண்டும் வரையும் வேகமும் உண்டு. ஆனால் எளிய மொழி என்று எவரும் சொல்ல மாட்டார்கள். எங்கள் மன்றத்தில் இரண்டு பேர் கோடை விடுமுறையில் அதன் மூல நிரலைத் திறந்து பார்த்தார்கள். ஒரு வாரத்தில் மூடிவிட்டார்கள்.

ஒட்டும் மொழி

எங்களுக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது வேலைதான். முதலில் பழைய கதை ஒன்று. பெர்க்கிலியில் ஜான் ஊஸ்டர்ஹவுட் என்ற பேராசிரியரும் அவர் மாணவர்களும் 1980-களில் சில்லு வடிவமைக்கும் கருவிகள் பலவற்றை எழுதினார்கள். மேஜிக் என்பது அவற்றுள் ஒன்று. கருவிக்குக் கருவி தனித்தனிக் கட்டளை மொழி இருந்தது, ஒவ்வொன்றும் அரைகுறை. எல்லாக் கருவிக்குள்ளும் பொருத்தக்கூடிய ஒரே கட்டளை மொழி இருந்தால் என்ன என்று எண்ணி, 1988-ல் டி.சி.எல். என்ற மொழியை அவரே உருவாக்கினார். ஆக, மின்சுற்று மென்பொருளுக்கு மொழி தேடிப்போய் ஒரு மொழியே பிறந்தது! மேஜிக் இன்றும் பயனில் உள்ளது. சில்லு வடிவமைப்பாளர்கள் டி.சி.எல். கற்காமல் இருக்க முடியாது.

ஜீடா என்ற மற்றொரு திறந்த மூலத் தொகுப்பு, சி மொழியோடு ஸ்கீம் என்ற மொழியைச் சேர்த்துக்கொண்டது. ஸ்கீம் அழகிய மொழி என்று அறிந்தோர் சொல்வர். ஆனால் எங்கு பார்த்தாலும் அடைப்புக்குறிகள். மின்னணுவியல் படித்தவர்களுள் ஸ்கீம் அறிந்தவர் மிகச் சிலரே. மொழி எவ்வளவு சிறந்ததானாலும், சந்தைக்குப் போகும் வழியில் பேச ஆள் வேண்டுமல்லவா?

இனி நம் நாட்டுக்கு வருவோம். மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா முதலியோரின் முயற்சியில், மத்தியக் கல்வி அமைச்சகத்தின் தேசியக் கல்வித் திட்டத்தின்கீழ் ஃபாசி என்ற பணி நடக்கிறது. கல்லூரிகளில் விலையுள்ள மென்பொருளுக்குப் பதில் கட்டற்ற மென்பொருளைக் கொண்டுவருவதே அதன் நோக்கம். அங்கே மின்சுற்றுக்காக உருவானதற்கு முதலில் ஆஸ்கேட் என்று பெயர்; அதைப் பற்றி 2013-ல் ஒரு நூலும் வந்தது. பின்னர் ஈசிம் என்று பெயர் மாறியது.

அவர்கள் செய்ததைத்தான் நாம் கவனிக்க வேண்டும். கணக்குப் போட என்ஜிஸ்பைஸ் ஏற்கெனவே இருக்கிறது. வரையக் கீகேட் இருக்கிறது. இரண்டும் பலர் பல ஆண்டுகள் உழைத்துச் செய்தவை. ஆனால் அன்று ஒன்று பேசியது மற்றொன்றுக்கு முழுதும் புரியவில்லை. அன்று கீகேட் தந்த இணைப்புப் பட்டியலில், எந்த மின்னழுத்தம், எவ்வளவு நேரம், எந்த வகைச் சோதனை என்ற விவரமெல்லாம் இருக்கவில்லை. ஈசிம் அதனை வாங்கி, மாணவரிடம் அவ்விவரங்களைக் கேட்டு, என்ஜிஸ்பைஸுக்குப் புரியும் வடிவில் எழுதித் தருகிறது. வந்த விடையை வரைபடமாகக் காட்டுகிறது. இந்த இடைப்பணியைச் செய்ய அவர்கள் எடுத்துக்கொண்ட மொழி பைத்தான். நம் ஊரில் வெளிநாட்டு விருந்தினருக்கும் கடைக்காரருக்கும் நடுவே நின்று பேசித்தரும் துபாஷியை எண்ணிக்கொள்ளுங்கள். ஆனந்தரங்கப் பிள்ளை ஊரில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமா!

பைத்தான், ஹாலந்து நாட்டவரான கீடோ வான் ராசம் 1991-ல் வெளியிட்ட மொழி. கணக்கு வேகத்தில் சி மொழியின் அருகில்கூட அது வர முடியாது. ஆனால் துபாஷிக்கு ஓட்டப்பந்தயம் எதற்கு? ஈசிமில் கடுமையான கணக்கெல்லாம் சி மொழியில் எழுதிய என்ஜிஸ்பைஸ் போட்டுவிடுகிறது. பைத்தான் கேட்கிறது, எழுதுகிறது, காட்டுகிறது. இன்று பள்ளிகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் பலர் கற்கும் மொழி அது. ஃபாசி பணிக்குக் கோடையில் பயிற்சிக்கு வரும் கல்லூரி மாணவ மாணவியர் ஈசிமுக்குப் புதுப் பகுதிகள் எழுதித் தருகிறார்கள். சில வாரப் பயிற்சியில் சி பிளஸ் பிளஸ் பக்கங்களைப் புரிந்துகொள்வது கடினம், பைத்தானில் முடிகிறது. இத்தேர்வின் பெரும் நன்மை இதுவே என்பது எங்கள் கருத்து.

குறையும் இல்லாமல் இல்லை. பைத்தானின் 2-ஆம் வடிவத்துக்கான ஆதரவு 2020 சனவரி 1-ஆம் நாளோடு நின்றது. அதில் எழுதப்பட்டவற்றையெல்லாம் 3-ஆம் வடிவத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. ஈசிமும் அதற்கு விலக்கன்று. 2021 இறுதியில் வந்த கீகேட் 6-ஆம் பதிப்பு தன் சுற்றுப்படக் கோப்பின் அமைப்பையே மாற்றியது. அதனை நம்பியிருந்த கருவிகளும் பின்னாலேயே மாற வேண்டும். பிறர் கட்டிய இரு வீடுகளுக்கு நடுவே பந்தல் போடுபவர், எந்த வீட்டுச் சுவர் நகர்ந்தாலும் பந்தலைத் திருத்தத்தான் வேண்டும். இத்திருத்தம் ஓயாத வேலை. அதற்கும் ஆள் வேண்டும் என்பதால், மீண்டும் அதே கேள்விக்கே வந்து நிற்கிறோம்: நமக்குப் பின் இதைத் திறப்பவருக்கு இம்மொழி தெரிந்திருக்குமா?

தமிழிலேயே எழுதினால் என்ன என்று எங்கள் தமிழம்மா கேட்டார்கள். நல்ல கேள்வி. முத்தையா அண்ணாமலை என்பவர் உருவாக்கிய எழில் என்ற தமிழ் நிரல் மொழி உண்டு. அதுவும் திறந்த மூலமே, பைத்தானின் மேல் கட்டப்பட்டதே. நிரல் எழுதும் முறையைத் தாய்மொழியில் கற்கத் தொடங்குவோர்க்கு அது நன்று. ஆனால் மின்சுற்றுக்கு வேண்டிய துணைத் தொகுப்புகள் அதில் இன்னும் சேரவில்லை. ஒரு நடுவழி இருக்கிறது. பைத்தான் 3-ல் மாறிகளுக்கும் செயல்களுக்கும் தமிழிலேயே பெயரிடலாம். 'மின்தடை' என்றே எழுதலாம். கணிப்பொறி முகம் சுளிப்பதில்லை.

சக்தி

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி தலைமையில் 2014-ல் தொடங்கிய சக்தி திட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரை நிறைவு பெறாது. கணிப்பொறியின் மூளையான செயலியையே திறந்த மூலமாக வடிவமைப்பது அத்திட்டம். 2018-ல் அவர்களது சில்லுகளுள் ஒன்று அமெரிக்காவில் இன்டெல் ஆலையிலும், மற்றொன்று நம் நாட்டின் சண்டிகர் ஆலையிலும் உருவாகி வந்தன.

செயலியை வடிவமைக்க அவர்கள் தேர்ந்தது ப்ளூஸ்பெக் என்ற மொழி. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்று அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக விளங்கி, 2024-ல் காலமான அர்விந்த் அவர்களின் ஆராய்ச்சியில் முளைத்தது அது. இதில் வன்பொருளை விதி விதியாக எழுதலாம். "தொட்டி நிறைந்திருந்தால், குழாய் வேறு எவர் கையிலும் இல்லாவிட்டால், திற" என்பது போல. இரண்டு விதிகள் ஒரே நேரத்தில் ஒரே குழாயைக் கேட்டால் சண்டையைத் தீர்த்து வைப்பது கம்பைலர் என்னும் மொழிமாற்றியின் பொறுப்பு. விடுதிக் குழாயடியில் இப்படி ஒரு கம்பைலர் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

ஆனால் ஒரு சிக்கல். சக்தியின் மூலம் திறந்தது. அதை மாற்றித்தரும் ப்ளூஸ்பெக் கம்பைலரோ 2003-ல் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் உடைமை, உரிமம் பெற்றே பயன்படுத்த வேண்டும். கம்பைலர் வெளியிடும் வெரிலாக் வடிவத்தை எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்பது உண்மை. மூலத்தில் ஒரு வரியைத் திருத்தி மீண்டும் மாற்ற விரும்புகிறவர் என்ன செய்வார்? அவர் உரிமத்துக்காக வாசலில் நிற்க வேண்டும். 2020 சனவரியில் அக்கம்பைலரின் மூலமும் திறந்து வெளியிடப்பட்ட பிறகே இக்குறை நீங்கியது. அது எழுதப்பட்டிருப்பதோ ஹாஸ்கெல் என்ற மொழியில். அதை அறிந்தவர் நம் நாட்டில் குறைவு.

அப்படியானால் ப்ளூஸ்பெக் தவறான தேர்வா? இதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. ஆண்டுதோறும் புது மாணவர் வந்து சேரும் ஓர் ஆய்வகத்தில், பெரியவர்கள் பக்கத்திலிருந்து கற்பிக்க முடியும். அங்கே அரிய மொழியானாலும் பிழை குறைக்கும் மொழியே மேல் என்றது ஒரு கட்சி. நாடெங்கும் சிதறிக் கிடக்கும் தன்னார்வலர் திருத்த வேண்டிய மென்பொருளுக்கு அது பொருந்தாது, எல்லோரும் அறிந்த மொழியே வேண்டும் என்றது மறு கட்சி. இரண்டும் சரி என்றே நினைக்கிறோம். சக்திக்கு முதலாவது, ஈசிமுக்கு இரண்டாவது. ஆனால் கம்பைலர் மூடியிருக்கும் மொழியை நம்பித் திறந்த மூலப் பணியைத் தொடங்கக்கூடாது என்பதில் கட்சி வேறுபாடு இல்லை.

எங்கள் தொட்டி

பள்ளியின் நீர்த்தொட்டி நிறைந்ததும் எச்சரிக்கும் சிறு சுற்று ஒன்றை இவ்வாண்டு மன்றத்தில் அமைத்தோம். 9 வோல்ட் மின்கலம், ஒரு டிரான்சிஸ்டர், ஒரு 330 ஓம் மின்தடை, ஒரு சிவப்பு எல்.இ.டி., நீரில் இறங்கும் இரண்டு கம்பிகள். நீர் மேலேறிக் கம்பிகளைத் தொட்டால், நீரின் வழியே டிரான்சிஸ்டரின் அடிவாய்க்குச் சிறு மின்னோட்டம் செல்லும். அது பெருகி விளக்கை எரிக்கும். நீரின் மின்தடையைக் கணக்கில் 1,00,000 ஓம் என்று வைத்தோம். அடிவாயில் 0.7 வோல்ட் போக மீதி 8.3 வோல்ட், ஆகவே 83 மைக்ரோ ஆம்பியர். டிரான்சிஸ்டரின் பெருக்கம் 100 என்றால் விளக்குக்கு 8.3 மில்லி ஆம்பியர். விளக்கு எரிய இது போதும். நீரின் தடை 50,000 ஓம் என்றால் 16.6 மில்லி ஆம்பியர். அதற்கும் கீழே போனாலும் 330 ஓம் மின்தடை மின்னோட்டத்தை ஏறக்குறைய 21 மில்லி ஆம்பியருக்கு மேல் விடாது, விளக்கும் கருகாது.

நீரின் தடை மாற மாறக் கையால் கணக்கிடுவது சலிப்பு. ஆகவே நீரின் தடையை ஒவ்வொன்றாக மாற்றி, என்ஜிஸ்பைஸுக்குரிய பட்டியலை எழுதி, விடைகளை வரிசையாகத் தொகுக்கும் சிறு நிரல் ஒன்றை எழுத முடிவு செய்தோம். மொழித் தேர்வுக்கு இரண்டு கூட்டங்கள் நடந்தன. சி மொழி வேண்டும் என்று வாதாடியவர் மூவர். நாங்கள் போடும் கணக்குக்கு அவ்வேகம் தேவையில்லை என்பது முதல் கூட்டத்திலேயே தெரிந்துவிட்டது. அடுத்த ஆண்டு மன்றத்துக்கு வரும் தங்கையருள் எத்தனை பேருக்கு எந்த மொழி தெரியும் என்று ஒன்பதாம் வகுப்பில் போய்க் கேட்டோம். பைத்தான் கற்றவர் பதினொருவர், சி கற்றவர் ஒருவர். பைத்தானில் எழுதினோம்.

நாற்பது வரிகள்தான். மாறிகளின் பெயர்கள் தமிழில் உள்ளன. ஒவ்வொரு பகுதிக்கும் மேலே அது என்ன செய்கிறது என்ற குறிப்பும் தமிழில் உண்டு. நிரல் ஆய்வகத்தின் பழைய மடிக்கணிப்பொறியில் இருக்கிறது. ஈசிமும் அதிலேயே நிறுவப்பட்டுள்ளது. கற்க விரும்புவோர், மும்பை ஐ.ஐ.டி. வெளியிட்டுள்ள பேச்சுவழிப் பாடங்களைப் பார்க்கலாம். பல பாடங்களுக்குத் தமிழ்க் குரலும் உண்டு. சுற்றை இப்போது பொதுப் பலகையில்தான் பற்றவைத்திருக்கிறோம். அதைக் கீகேட்டில் வரைந்து முறையான பி.சி.பி. ஆக்குவதும், விளக்கோடு மணி ஒன்றைச் சேர்ப்பதும் மீதமுள்ள வேலைகள். விருப்பமுள்ள ஒன்பதாம் வகுப்புத் தங்கையர் ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வெள்ளிக்கிழமை மாலை ஆய்வகத்துக்கு வந்தால், இயற்பியல் ஆசிரியை மடிக்கணிப்பொறியை எடுத்துத் தருவார்கள்.